வரைபடத்தில் இருக்கும் பூஜை அறை

மேலகரம்,
கார்த்திகை 23, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை விஜய்பாண்டி அவர்களுக்கு,

மாமா பிச்சையா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் சத்யபிரியாவும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் நாம் இரண்டு பேரும் 'சாப்பிட்டீங்களா', 'அங்க மழை உண்டா' என்பதற்கு மேல் பேசிப் பழகவில்லை. போன புதன்கிழமை அதற்கு மேல் பேசினோம். நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்துத் தெரு பரீது லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதையும் உங்கள் அத்தை போட்ட எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டுக்கே ஊறுகாயா என்று கேட்டேன். சத்யா கேட்டாளாம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, தனியாக உட்கார்ந்து வாசியுங்கள். அவளிடம் இப்போது காட்ட வேண்டாம்.

புதன்கிழமை நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை என்று உங்களுக்கே தெரியும். "மாமா, அந்தப் பொம்பளைங்க மனுல நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா, சத்யா இங்கனயே பெத்துக்கிடட்டும். அங்க அனுப்ப மாட்டேன்" என்றீர்கள். தை ஏழாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவள் வந்து இருக்க வேண்டிய அறைக்கு உங்கள் அத்தை வெள்ளையடித்து முடித்துவிட்டாள். என்னுடைய பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கி வைத்திருக்கிறாள். அவளிடம் இதை நான் ஆறு நாள் சொல்லவில்லை.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது மாப்பிள்ளை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உங்கள் மேல் மட்டும் இல்லை, என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

போன வருடம் ஆவணி மாதத்தில், நம் தெருவுக்கு மேற்கே 'சாரல் கார்டன்' என்று வளைவு போட்டிருக்கும் மனைப்பிரிவில் உங்கள் அப்பா உங்கள் பெயரில் ஓர் இடம் வாங்கினார். சத்யா ஊர் திரும்பினால் இருக்க ஒரு வீடு, தகப்பன் வீட்டுக்குப் பக்கத்திலேயே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொள்ள என் பெயரில் பவர் எழுதிக் கொடுத்தீர்கள். எஞ்சினியர் வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தார். கீழே ஹால், சமையலறை, ஈசானி மூலையில் பூஜை அறை. மேலே இரண்டு படுக்கை அறை. இப்போது சின்ன வீடுகளுக்கு யாரும் வந்து பார்ப்பதில்லையாம். 'இந்த இடம் பூங்கா இல்லை, வாய்க்கால் இல்லை, பொதுப்பாதை இல்லை, வரைபடத்தில் உள்ளபடியே கட்டுவேன்' என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் அனுமதி கொடுத்துவிடுமாம். அதற்குப் பெயர் சுயசான்று என்றார். உரிமையாளருக்காகப் பவர் வைத்திருக்கும் பிச்சையா என்று அடியில் கையெழுத்துப் போட்டது நான்.

வாசிக்காமல் போட்டேன். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவன். ஏறுகிற ஆள் நீட்டும் நோட்டைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டுத் தாளை மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தால் அது மரியாதை இல்லை என்று நினைத்தேன். பக்கத்தில் உங்கள் அப்பா வேறு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அன்றைக்கே மூக்கில் அடித்திருக்க வேண்டும். மழைநீர்க் குழிக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று எஞ்சினியரின் ஆட்கள் லோடு ஆட்டோவில் ஒரு பிளாஸ்டிக் குழாயும் சிமெண்ட் மூடியும் கொண்டு வந்தார்கள். மண்ணில் நட்டு வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், திரும்பப் பிடுங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "அடுத்த வீட்டுக்கு அண்ணாச்சி, இது ஒரு செட்டுதான் இருக்கு" என்றார்கள். நான் சிரித்தேன். ஊரில் எத்தனை வீட்டு அனுமதியில் அந்த ஒரே குழாய் நிற்கிறதோ, இப்போது நினைத்தால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

ஈசானி மூலையில் பூமி பூஜைக்குத் தேங்காய் உடைத்ததும் நான்தான். இன்றைக்கு அந்த மூலையில் கக்கூஸ் இருக்கிறது. பூஜை அறை வரைபடத்தோடு சரி. கீழே நாலு அறை, மேலே நாலு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் விடுதி அது, என் மகள் குடியிருக்கும் வீடு இல்லை. தளம் போட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கவில்லை. பூச்சு வேலை முடியும் முன்பே மாலை போட்ட சாமிமாருக்கு விட ஆரம்பித்தார் உங்கள் அப்பா. அப்போதும் கேட்கவில்லை.

கீழ்த் தெரு உலகம்மையை உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மகன் மணிமுத்து லாரி ஓட்டுகிறான். உங்கள் மண்டி எலுமிச்சையைக் கேரளாவுக்கு ஏற்றிப் போகிறவன்தான். உங்கள் கிழக்குச் சுவர் எழும்பியபோதே அவள் வந்து, "அண்ணாச்சி, மழைத்தண்ணி அங்கனதான் வந்து நின்னு வாய்க்காலுக்கு வடியும், மறிச்சா எங்க தெருவுக்குல்லா வரும்" என்றாள். அனுமதி வாங்கித்தான் கட்டுகிறோம் உலகம்மை, அதெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி அனுப்பி வைத்தேன். பார்த்தவன் யார்? நான். கொடுத்தவன் யார்? நான்.

கார்த்திகை ஐந்தாம் தேதி பகல் பதினோரு மணிக்கு மழை பிடித்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று இரண்டு வேன் நிறைய சாமிமார் உங்கள் கட்டிடத்திலேயே தங்கிவிட்டார்கள், நாற்பது பேர். ஒரு மணி நேரத்தில் கீழ்த் தெருவில் கூச்சல். நான் குடையோடு போனேன். உலகம்மையின் மருமகள் மாரிச்செல்வி இருபத்திரண்டு நாள் பிள்ளையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. அது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை மாப்பிள்ளை. உங்கள் கட்டிடத்துச் செப்டிக் டேங்கிலிருந்து வாய்க்காலுக்குத் திருட்டுத்தனமாகப் போட்டிருந்த குழாய் எதுக்களித்து வந்தது. ஷாம்பூ பாக்கெட் மிதந்ததை எழுதலாம். கூட மிதந்ததை எழுத மாட்டேன். பிள்ளையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வெளியே கொண்டு வந்தது நான். வீட்டுக்கு வந்து நாலு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். உங்கள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். சோற்றைப் பார்த்ததும் வாந்தி வந்தது.

மறுவாரம் உலகம்மை ஒரு தாளை மடித்துக்கொண்டு வந்தாள். சுவர் எழும்பியபோதே பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிக் கொடுத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இப்போது வந்த நகல், சாரல் கார்டனின் முதல் வரைபடம். உங்கள் கட்டிடம் நிற்கும் இடத்தில் பச்சைக் கோடு போட்டுப் 'பூங்கா' என்று எழுதியிருக்கிறது. பொதுவுக்கு விட்ட இடத்தை மனைக்காரன் வேறு நம்பர் போட்டு விற்றிருக்கிறான். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அந்தக் கட்டடம் யாருதுன்னு தெரிஞ்சுதான் அண்ணாச்சி உங்ககிட்ட வாரேன். தெருவுல பென்சன் மனு, பட்டா மனு எல்லாம் நீங்கதான எழுதித் தாரீங்க. இதையும் எழுதித் தாங்க. மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற ஆளைப் பாக்கேன்" என்றாள். நகலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் புதன்கிழமை உங்களுக்குப் போன் போட்டேன். உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் போட்டேன். அய்யோ பாவம், பிள்ளை வெளிநாட்டில் கிடந்து உழைத்து இப்படி மாட்டிக்கொண்டதே என்று வருத்தப்பட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "பார்க்குன்னு தெரிஞ்சுதான் மாமா அந்த வெலைக்குக் கொடுத்தான். நம்ம ஊர்ல எவன் பார்க்குல போய் உக்காருதான்?" என்றீர்கள். மாரிச்செல்வியின் பிள்ளை கட்டிலில் கிடந்ததைச் சொன்னேன். மழை என்றால் தண்ணீர் வரத்தான் செய்யும் என்றீர்கள். சுயசான்றில் இருப்பது என் கையெழுத்துதானே என்றேன். "அதான் மாமா, நீங்களே போய் மனுக் கொடுத்தா மாட்டுறது நீங்கதான்" என்றீர்கள்.

'மாப்பிள்ளை', 'உங்கள்' என்று மரியாதை குறையாமல் எழுதிக்கொண்டே வருகிறேன். கைக்குப் பழக்கம், எழுதுகிறது. மனசு வேறு சொல்கிறது, அதை எழுத மாட்டேன். நீங்கள் என் மகளின் புருஷன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு உலகம்மையோடு போனேன். மனுவை நான்தான் எழுதினேன். பொய்யான சுயசான்று கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை முதலில் எழுதினேன். அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சட்டப்படி என்ன உண்டோ செய்யுங்கள் என்றும் எழுதினேன். மனுதாரர்களிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான். மனுவை வாங்கிய அம்மா இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் பார்த்துவிட்டு, இது எழுத்துப் பிழையா சார் என்று கேட்டார். பிழை இல்லை அம்மா, இரண்டும் நான்தான் என்றேன்.

இன்று காலையில் ஜேசிபி பிடித்து உங்கள் கிழக்குச் சுவரில் பத்தடி அகலத்துக்கு இடித்துவிட்டேன். திருட்டுக் குழாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டேன். விடுதி ஆளிடம் சாவியை வாங்கிப் பூட்டிவிட்டேன். அவன் யாரைக் கேட்டு என்று குதித்தான். பவர் பத்திரத்தைக் காட்டினேன். நீங்கள் ரத்து செய்கிற வரைக்கும் அந்தப் பவர் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் ரத்து செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள், எனக்கு வேண்டிய வேலை முடிந்துவிட்டது. நீங்கள் ஊருக்கு வந்து அந்த இடத்தைப் பொதுவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, விற்றவன் மேல் கேஸ் போடுங்கள். சாட்சி சொல்ல நான் வருகிறேன்.

சுவர் இடிந்த பிறகுதான் உங்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். வேட்டித் துணிகளை அடுக்கிய இடத்திலிருந்து பாதியை எடுத்து ஒரு பையில் போட்டாள். "மாரிச்செல்வி வீட்டுல எல்லாம் நனைஞ்சு போச்சுன்னு சொன்னீங்கல்லா" என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டாள். இப்போது சாயங்காலம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை, உங்கள் கோபம் என்னோடு இருக்கட்டும். கேஸ் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம், என் முகத்தில் முழிக்க வேண்டாம். வளைகாப்பு அன்று நான் இருக்கக் கூடாது என்றால் வாசுதேவநல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக்கூட நான் வரவில்லை, உங்கள் அத்தையும் பரீதின் வீட்டுக்காரியும் வருவார்கள். வெள்ளையடித்த அறை அப்படியே இருக்கிறது. தண்ணீர் வராத அறை. தை ஏழாம் தேதி அவளை மட்டும் ஏற்றி அனுப்பி வையுங்கள். மாப்பிள்ளையிடம் மாமனார் இப்படிக் கேட்கக் கூடாது என்பார்கள், நான் கேட்கிறேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நல்ல தண்ணீரில் குளித்து வளரட்டும். உங்களுக்கும் ஒரு குறையும் வர வேண்டாம்.

எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்துவிட்டேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
பிச்சையா