பாஸ்தாவுக்கு மூன்று கை

மார்ச் 4, செவ்வாய்

தங்கை வீடு மாறுகிறாள். வேண்டாததையெல்லாம் என் தலையில் கட்டுவது அவளுடைய பழைய பழக்கம். இந்த முறை, மாவைத் தகடாக்கி இழையாக வெட்டுகிற, கையால் சுற்றும் பாஸ்தா மிஷின். செங்கல் கனம் கனக்கிறது. "ஒரே ஒரு தடவைதான்க்கா செஞ்சேன். நீ செஞ்சு மாமாவுக்குக் குடு, அவருக்கும் ஒரு மாற்றமா இருக்கும்" என்றாள்.

நவம்பரில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். இருபத்தாறு வருடம் அங்கே ஃபிட்டராக இருந்தவர், அன்று சாயங்காலம் டூல்பாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டிவி ஓடுகிறது, சத்தம் கூட வைப்பதில்லை. இவருக்குப் பாஸ்தா போட்டால் மாற்றம் வந்துவிடுமாம்.

மார்ச் 6, வியாழன்

அவருடைய பழைய ஃபோர்மேன் மறுபடியும் போன் செய்தார். சொந்தமாக லிஃப்ட் பராமரிப்பு வேலை எடுத்து நடத்துகிறார், அவருக்கு ஆள் வேண்டும். இவரிடம் போனை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "குளிக்கிறார்" என்றேன். "போன வாரமும் குளிச்சிட்டுதானேம்மா இருந்தான்" என்கிறார் ஃபோர்மேன். என் மானம்தான் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

மாவும் முட்டையும் பிசைந்து, அரை மணி நேரம் கிண்ணம் கவிழ்த்து மூடிவைப்பது வரை சரி. அதற்குப் பிறகு ஒரு கை மாவை மேலே உருளைக்குள் விடவேண்டும், ஒரு கை கைப்பிடியைச் சுற்றவேண்டும், கீழே தொங்கிக்கொண்டு வருவதை ஏந்த இன்னொரு கை. எனக்கு இருப்பது இரண்டு. கைப்பிடி வேறு நாலு சுற்றுக்கு ஒரு முறை கழன்று காலில் விழுகிறது.

"கொஞ்சம் வந்து பிடிங்களேன்" என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" அப்படியே நின்றது. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்தவர் மிஷினை மேஜையோடு பிடித்திருக்கும் திருகைப் பார்த்து, "கிளாம்ப் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷ சர்வீஸ், அதைச் சொல்லத்தானா?

வெட்டிய இழையெல்லாம் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எதை வைத்தாலும் இதையேதான் சொல்கிறார்.

மார்ச் 10, திங்கள்

நேற்றே மிஷினை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அது ஒன்றாவது ஒழுங்காக முடிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

முடியவில்லை. உருளையெல்லாம் துரு. சுற்றினால் கிறீச் கிறீச் என்று கத்துகிறது. மாவு சாம்பல் கோடு போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. பெட்டியில் இருந்த காகிதத்தை இன்றுதான் எடுத்துப் படித்தேன் — முதல் வரியே தண்ணீர் படக்கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதுமாம்.

தப்பு என்னுடையது. ஆனால் கோபம் போன இடம் வேறு. மாவுக் கையோடு போய் டிவி முன்னால் நின்றேன். "நீங்களும் அந்த மிஷினும் ஒண்ணு. கிளாம்ப் போட்டு இறுக்கின மாதிரி உக்காந்திருக்கீங்க. யாராவது சுத்தினாத்தான் அசைவீங்களா?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். சோபாவில் என் கை பட்ட இடத்தில் மாவு.

மார்ச் 17, திங்கள்

சொல்லியிருக்க வேண்டாம். இந்த மனுஷன் இப்படியே இருந்துட்டா? பயமா இருக்கு. பயத்தை வேற எப்படித்தான் சொல்றது?

மார்ச் 19, புதன்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரே கூட்டம். முதுகு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழைய செய்தித்தாள். அதன்மேல் மிஷின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கிறது. பக்கத்தில் டூல்பாக்ஸ், திறந்தபடி.

நான் வாயைத் திறக்குமுன், "உன் கடை ஸ்க்ரூடிரைவர் பையில இருக்கா? மூக்குக் கண்ணாடிக்குப் போடுவியே, அந்தச் சின்னது" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஐந்தாவது நாளாக மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். ஒரு திருகாணியைத் தொட்டதற்கு, "தொடாதே, வரிசை கலைஞ்சிடும்" என்று அதட்டல். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். சோபாவில் இருந்தபோதாவது மேஜை என்னுடையதாக இருந்தது.

மார்ச் 26, புதன்

வந்தபோது வீட்டில் ஆளில்லை. போன் சோபாவில் கிடந்தது. நவம்பருக்குப் பிறகு தனியாக வெளியே போகாதவர். ஒரு மணி நேரம் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். என்னென்னவோ நினைப்பு.

ஏழு மணிக்கு வந்தார். உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு பித்தளை வளையம், புஷ் என்றார். அச்சு தேயாமல் சுற்ற அதுதான் வேண்டுமாம். "ரெண்டு கடையில இல்ல. மூணாவது ஆள் லேத்துல கடைஞ்சு குடுத்தான். அவன் அளவு எடுத்தது தப்பு, நான்தான் சரியாச் சொன்னேன்." சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தப் புஷ்ஷைப் பற்றியே பேச்சு. பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் திட்ட நினைத்தது மறந்தே போயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

மேஜை விளிம்பில் ரப்பர் வைத்து கிளாம்ப்பை இறுக்கினார். அவர் சுற்றினார், நான் ஏந்தினேன். மிஷினிடமிருந்து சத்தமே இல்லை. சத்தமெல்லாம் இவரிடமிருந்துதான்: "இழுக்காதே", "அவசரப்படாதே", "மூணா மடிச்சு விடு". மாவுத் தகட்டின் தடிமனுக்கு வெர்னியர் அளவுகோல் வைத்து அளவெடுத்த மனிதரை உலகத்தில் வேறு எவளாவது கட்டியிருப்பாளா?

"இதைத் தண்ணியில போட்டது யாரு?" என்று நடுவில் கேட்டார்.

"நான்தான்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றினார்.

அப்போது போன் அடித்தது. ஃபோர்மேன். "குளிக்கிறார்னு சொல்லட்டுமா?" என்றேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாவுத் தகடு பாதி உருளைக்குள், பாதி என் கையில். சுற்றவும் ஆளில்லை, விடவும் முடியவில்லை. இருபது நிமிடம் அப்படியே நின்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஆறு மணிக்கு டூல்பாக்ஸோடு கிளம்பினார். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் எங்கோ லிஃப்ட் நின்றுபோகிறது. ஏழு மாடிக் கட்டிடமாம், காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள்.

பாஸ்தாவைத் தனியாகத்தான் செய்தேன். பழையபடி இரண்டு கை, பழையபடி திண்டாட்டம். பாதி நாற்காலி முதுகில் தொங்குகிறது, பாதி தரையில். ஃபோர்மேனிடம் நான் சொன்ன பொய்யெல்லாம் தெரிந்த தங்கை போன் செய்து, "மாமா எங்கேக்கா, குளிக்கிறாரா?" என்று சிரித்தாள்.

ஐந்தரைக்கு வருவார். கிரீஸ் கையோடு நேரே சோபாவில் போய் உட்கார்ந்தால் இன்று சண்டைதான். வெந்நீர் போட்டிருக்கிறேன். முதலில் குளிக்கட்டும்.