கொலுசு கட்டி மூழ்கிய ரோபோ

இன்று காலை கப்பலில் சிலிகோன் பசைக் குழாயைத் திறந்தேன். வினிகர் வாடை குப்பென்று ஏறியது; கூடவே நீயும் வந்துவிட்டாய். கல்லூரிக் கடைசி வருடத்தில் வில்லியனூர் கடையில் அந்தப் பசையை வாங்கிக்கொண்டு உறுவையாறு கிராமத்தில் உன் வீட்டுக்குப் போவோமே, உன் துப்பட்டாவெல்லாம் அந்த வாடைதான்.

தண்ணீருக்குள் இறங்கி, நடுவில் நின்று, தானாக ஏறிவரும் ரோபோ நம் புராஜெக்ட். அதன் வயிற்றில் பெரிய ஊசிக்குழாய் ஒன்று. தண்ணீரை உறிஞ்சினால் கனத்து இறங்கும். வெளியே தள்ளினால் ஏறும். அதற்கு முதலில் எடையைச் சரியாகக் கட்ட வேண்டும். உங்கள் கரும்புக் கொல்லையின் மோட்டார் தொட்டியில், தண்ணீர் கொட்டக் கொட்டவே எடை பார்த்தோம். மூழ்குகிறதே என்று ஒவ்வொரு எடையாகக் கழற்றினோம். கடைசியில் நடுத்தண்ணீரில் நின்றது. "அம்சமா நிக்குதுடி" என்று கைதட்டினாய். கொட்டுகிற தண்ணீரில் காற்றுக்குமிழி கலந்திருக்கும், அது ஒழுங்காகத் தாங்காது என்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

தேர்வு நாளில் கல்லூரித் தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஊசிக்குழாய் நிறைய உறிஞ்சியும் ரோபோ எடை போதாமல் காலிக் குடம் மாதிரி மிதந்தது.

"இது இன்னாம்மா, படகா?" என்றார் தேர்வாளர். கொஞ்ச நேரம் தந்தார். இறங்காவிட்டால் நமக்கு இன்னொரு வருடம். எடை டப்பாவோ உங்கள் கொல்லையில். நீ தரையில் உட்கார்ந்து கொலுசைக் கழற்றினாய்.

"இன்னாடி பண்ற?"

"வெள்ளி கனமா இருக்கும்டி. பேசாம கட்டு."

ஒன்று போதவில்லை. மற்றதையும் கழற்றினாய். ரோபோ மினுமினுத்துக்கொண்டே இறங்கி, நடுத்தண்ணீரில் நின்றது. நீ என் காதில் சொன்னாய்: "ஏறிச்சின்னா நாம இன்ஜினியர். ஏறலன்னா எங்கம்மா என்னக் கொன்னுடும்."

ஏறியது. தேர்வாளர் முன்னாலேயே கைதட்டினாய்.

நீ இறந்துபோன பிறகு உன் அம்மா ஒற்றைக் கொலுசை என் கையில் வைத்தார். "ஒன்னு எங்கிட்ட இருக்கட்டும்மா. இது தண்ணிய பார்த்த கொலுசு, உங்கூடயே இருக்கட்டும்."

இப்போது நான் கடலில் இறக்கும் ஒவ்வொரு கருவிக்கும் கடைசி எடை அதுதான். தொலைந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கப்பலில் கேட்கிறார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் உன் கொலுசைப் பெட்டியில் பூட்டிவைத்தால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய்.

இன்று மாலையும் கருவி ஏறிவந்தது, கொலுசு சொட்டச் சொட்ட. எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினேன்டி.