கோழிக்கு இல்லை, எனக்கு

6 ஜூலை 2025, ஞாயிறு. சிதம்பரம்

டாக்டர் கோதுமையை நிறுத்தச் சொல்லி நான்கு மாதம். சப்பாத்தி, ரவை, மைதா எதுவும் ஆயுசுக்கும் கூடாது. இட்லி இருக்கும்போது எனக்கென்ன குறை? கேக்தான் குறை. அடுத்த மாதம் பத்தாம் தேதி எனக்கு நாற்பது. கடலூரில் நாத்தனார் சந்திரலேகா வீட்டில் கூடுகிறோம். போனில் சொல்கிறாள்: "ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆவாது அண்ணி. எல்லாம் மனசுதான்."

மனசா? சித்திரையில் அவள் கொடுத்த ஒரு துண்டுக்கு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேனே, அது மனசா?

என் கேக்கை நானே கொண்டுபோவேன். மக்காச்சோள மாவில். வெட்டிவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டேன், தின்பேன்.

8 ஜூலை

சீட்டில் 'சோள மாவு' என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் கதிர்வேல் கொண்டுவந்தது வெள்ளை கார்ன்ஃப்ளோர் — சூப்பைக் கெட்டியாக்குவது. மாற்றச் சொன்னால் வெள்ளைச்சோள மாவோடு வருகிறார். "சோளம்னுதானே எழுதியிருக்க?" வாஸ்தவம். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள், பிழை கண்டால் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்துகிறவள், 'மக்கா'வை விட்டுவிட்டேன்.

10 ஜூலை

மஞ்சள் நிற மக்காச்சோள மாவுப் பாக்கெட் கிடைத்தது. பிரித்தால் சிக்கு வாடை. பின்பக்கம் பொடி எழுத்தில், கோதுமையும் அரைக்கும் ஆலையாம். குப்பை.

13 ஜூலை, ஞாயிறு

மேல வீதி தானியக் கடையில் முழு மக்காச்சோளம் கேட்டேன்.

"கோழிக்காம்மா, புறாவுக்கா?"

"எனக்கு."

கையில் அள்ளி முகர்ந்தேன். பூசணம் இல்லை, வண்டு இல்லை. இரண்டு கிலோ வாங்கிக் கழுவி மாடியில் காயப்போட்டேன்.

20 ஜூலை

புவனகிரியில் சபாபதி மில்லில் அரிசிக்குத் தனி மிஷின். அதில்தான் போட வேண்டும் என்றேன்.

"மஞ்ச நெறம் ஒட்டிக்கும்மா. இடியாப்ப மாவுக்கு வர்றவங்க என்னத் திட்டுவாங்க."

வரிசையில் ஒரு அம்மா: "கோதுமை மிஷின் சும்மாதான கெடக்குது?"

கோபம் வந்துவிட்டது. "அதுல அரைச்சா நான் ஆஸ்பத்திரியில கெடப்பேன், பரவாயில்லையா?" என்று சத்தமாகவே கேட்டேன். மிஷினைச் சுத்தம் பண்ண ஒரு கிலோ பச்சரிசி கையோடு கொண்டுபோயிருந்தேன். என் சோளத்துக்குப் பிறகு அதை ஓட்டச் சொன்னதும் சபாபதி சிரித்துவிட்டார்; அரிசி மிஷினிலேயே அரைத்துக் கொடுத்தார்.

22 ஜூலை

ஒத்திகைக்குச் செய்த கேக் நறநற. சலித்திருக்க வேண்டும் — இறங்கும் மாவு கேக்குக்கு, தங்கும் ரவை உப்புமாவுக்கு. பழையது கோதுமை மாவு சலித்தது; புதுச் சல்லடை வாங்கினேன்.

"ஒரு வூட்டுக்கு ரெண்டு சல்லடையா?" என்கிறார் இவர்.

ஆமாம், ரெண்டு. இது என்னுடையது.

10 ஆகஸ்ட், ஞாயிறு. கடலூர்

"கோழித்தீவனத்துல கேக்கா அண்ணி?" எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் உதிர்ந்தது, உண்மைதான். இரண்டு துண்டு தின்றேன். வயிறு சும்மா இருக்கிறது! சந்திரலேகாவும் ஒன்று எடுத்தாள்.

14 செப்டம்பர். கடலூர்

சந்திரலேகா அடுக்களையில் ஒரு புதுச் சல்லடை, தனி ஆணியில். மேலே காகிதம் ஒட்டி எழுதியிருக்கிறாள்: 'அண்ணி சள்ளடை. கோதுமை தொடக் கூடாது.'

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "புவனகிரிக்கே போயி அரைச்சுக்கிட்டு வந்தேன். அரிசி மிஷின்லதான்."

பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுக்கவில்லை.