ஒரே லாட்டில் எடுத்த ஜோடி

மச்சான்,

இன்று மதியம் நான் ஒரு ஹார்ட் டிஸ்க்கை முகர்ந்து பார்த்தேன். செல்வம் தம்பியின் கம்ப்யூட்டர் கடையில், நாலு பேர் நிற்கும்போது, வெள்ளி நிறப் பையைப் பிரித்ததும் கை தானாக மூக்கிடம் போய்விட்டது. புது பிளாஸ்டிக்கும் லேசான எண்ணெயும் கலந்த வாசனை. செல்வம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "பாய் இப்படித்தான்க்கா மோந்து பாப்பாரு," என்றார்.

நீங்கள் எதையுமே முகர்ந்து பார்க்காமல் வாங்கியதில்லை. நம் செருப்புக் கடைக்கு வரும் தோல், நத்தத்திலிருந்து வரும் மாம்பழம், பெருநாளைக்கு எடுக்கும் சட்டைத் துணி, எல்லாம் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். மாமி மகனையே கட்டிக்கொண்டதால் இந்தக் கூத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். என்னையும் அப்படித்தான் பார்த்து எடுத்தீர்களா என்று கேட்டால், "உன்னயப் பாக்க நேரமே குடுக்கல, தலையில கட்டிட்டாங்க," என்பீர்கள்.

அந்த டிஸ்க் பைத்தியம் உங்களைப் பிடித்தது மகளின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம். நம் வீட்டில் ஆள் படம் மாட்டுகிற வழக்கமில்லை. சுவரில் மக்கா படமும் காலண்டரும்தான், மாமி இருந்தவரை அவர்கள் சட்டம் அது, அவர்கள் போன பிறகும் யாருக்கும் ஆணி அடிக்க மனம் வரவில்லை. அதனால் இருபத்தைந்து வருடப் படங்களும் பீரோவுக்குள், சிடியில், பழைய போன்களில் சிதறிக் கிடந்தன. நம் கல்யாணக் கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே சிடியில் ஏற்றியிருந்தீர்கள். அந்தச் சிடியிலும் கீறல் விழத் தொடங்கியதும் உங்களுக்குத் தூக்கம் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, வீட்டு வைஃபையில் எல்லாப் போனிலும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்றீர்கள். பெட்டியில் இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே சமாச்சாரம் ஏறும். ஒன்று படுத்தாலும் மற்றது காப்பாற்றும்.

பெட்டி சீக்கிரம் வந்துவிட்டது. டிஸ்க்தான் வரவில்லை. ஏனென்றால் நீங்கள் தள்ளுபடிக்குக் காத்திருந்தீர்கள். மூக்கின் நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, போனில் ஒரு டிஸ்க்கைக் கூடையில் போடுவீர்கள், பிறகு எடுத்துவிடுவீர்கள். ஆயுத பூஜை ஆஃபர் வரட்டும், தீபாவளி ஆஃபர் வரட்டும், வருஷக் கடைசியில் இன்னும் இறங்கும் என்று பண்டிகைகளாகத் தள்ளிக்கொண்டே போனீர்கள். சாதா கம்ப்யூட்டர் டிஸ்க் மலிவாக வந்தது. ராத்திரி பகலாக ஓட அது லாயக்கில்லை என்றீர்கள். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த ரகம் வந்தது. அதில் விலை இறங்கவில்லை என்றீர்கள். நானும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"அரிசி வாங்க இம்புட்டு நேரம் பாத்திருக்கீங்களா?"

"அரிசி தீந்தா மறுபடி வாங்கிக்கலாம் புள்ள," என்றீர்கள்.

கடைசியில் செல்வம்தான் போன் செய்தார். ஏதோ ஒரு ஆபீஸ் ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டதாம், பெட்டி பிரித்த டிஸ்க்குகள், நல்ல தள்ளுபடி. அன்றைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பிரித்த பெட்டி என்றதும் உங்களுக்குச் சந்தேகம். அவர் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டினார். ஒரு நாள்கூட ஓடவில்லை. பழைய வண்டி வாங்கப்போய்ப் புது வண்டி கிடைத்தவர் போல முகம் மலர்ந்தது உங்களுக்கு. உடனே இரண்டு டிஸ்க்கை எடுத்து, ஒட்டியிருந்த நம்பரைக் கிட்டே வைத்துப் பார்த்து, அடுத்தடுத்த நம்பராகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள்.

செல்வம் தடுத்தார். "பாய், ஒண்ணு இதுல எடுங்க. இன்னொண்ணு அடுத்த மாசம் வேற லாட்ல எடுங்க. ஒரே லாட்டுன்னா ஒரே நேரத்துல செஞ்சது, ரெண்டுக்கும் ஒரே வயசு, ஒரே ஓட்டம். ஒண்ணு படுக்கும்போது இன்னொண்ணும் படுத்துரும்."

நீங்கள் கேட்டால்தானே? தோல் பார்த்த கண் உங்களுக்கு. "ஜோடின்னா ஒரே தோல்ல வெட்டணும் தம்பி. எடது கால் ஒரு தோலு, வலது கால் ஒரு தோலுன்னா ஒண்ணு தேயும், ஒண்ணு நிக்கும். மனுசன் நொண்டித்தான் போவான்." கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருடம் ஜோடி சேர்த்தவர் சொல்கிறாரே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் மச்சான். நம் கடைச் செருப்புக்கு அந்தப் பேச்சு சரி. காலுக்கு இரண்டும் சேர்ந்து தேய வேண்டும். இந்தப் பெட்டிக்கோ இரண்டும் சேர்ந்து தேயவே கூடாது. இது புரிய எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

நீங்கள் மௌத்தானதும், புருஷன் போனவள் வீட்டோடு இருக்கும் இத்தா இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டவில்லை. மகள் தன் வீட்டை விட்டுவிட்டு என்னோடு வந்து இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா துக்கம் கேட்க வந்தபோது சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன் போட்டோ எங்கக்கா?" என்று கேட்டார்கள். மாலை போட்டுக் கும்பிடத் தேடுகிறார்கள், பாவம். இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு காலை, டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் குரலை நினைத்துப் பார்க்கப் போனேன். வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரிகிறது, எந்த ஏற்ற இறக்கத்தில் சொல்வீர்கள் என்பது பிடிபடவில்லை. போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பயம் நீங்கள் கண்ணை மூடிய அன்றுகூட எனக்கு வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் பெட்டி கத்தத் தொடங்கியது. ஒரு விளக்கு ஆரஞ்சாகிவிட்டது. செல்வத்துக்குப் போன் செய்தோம். உடனே புது டிஸ்க் போட வேண்டும், தன்னிடம் இப்போது இல்லை என்றார். மகள் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். உங்கள் மகளாயிற்றே. "அம்மா, இதுல பாதி விலை போட்டிருக்கான்," என்றாள். மூன்றாம் நாள் வந்தது. செல்வம் வந்து மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புதுசுன்னு வித்திருக்கான்மா. ஏதோ கேமராப் பொட்டில மூணு வருஷம் ராப்பகலா ஓடுன டிஸ்க்கு இது. திருப்பி அனுப்பிருங்க."

இத்தாவில் வெளி ஆண் முன்னால் வரக்கூடாது என்பதால் அவர் கூடத்தில், நான் திரைக்கு உள்ளே, மகள் நடுவில். திரைக்குப் பின்னால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. பெட்டியிலிருந்து வந்த புதுச் சத்தமும் விழுந்தது, நகத்தால் பலகையைத் தட்டுகிற மாதிரி. இரண்டாவது டிஸ்க்கும் தட்டத் தொடங்கிவிட்டது.

"ஒரே லாட்டு," என்றார் செல்வம். "ஒண்ணு போயிருச்சுன்னா இன்னொண்ணு ரொம்ப நாள் நிக்காது."

திரை இடுக்கில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது நாளாக நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அம்மாவும் அத்தா பின்னாலேயே போய்விடுவாள் என்று அடுப்படியில் நின்று அவள் போனில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை, உங்களிடம் என்ன மறைக்க. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல், உங்கள் தோல் கணக்கின் மேல், அந்த அடுத்தடுத்த நம்பர்களின் மேல்.

"நிக்கும் தம்பி," என்றேன் திரைக்குள்ளிருந்து. "நீங்க வேலையப் பாருங்க."

செல்வம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த, பெட்டிக்குப் பொருந்தாத வேறொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து லேப்டாப்பில் மாட்டினார். இருக்கிற வரை நகல் எடுத்துவிடலாம், ஆனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு கேட்டார்: "அக்கா, எது மொதல்ல வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டாவது கெடைக்கிறது கெடைக்காதது நம்ம கையில இல்ல."

மகள் ஒவ்வொரு கோப்பாகப் படித்தாள். அம்மா அத்தா கல்யாணம். பாப்பா சின்ன வயசு. பாப்பா கல்யாணம். கொடைக்கானல். கடை திறப்பு. கடைசியாக 'இதர' என்று ஒன்று. எங்கும் சேராத துண்டு துணுக்குகளை நீங்கள் கொட்டி வைத்த இடம். போனில் கை தவறி எடுத்தது, பேசிப் பார்த்தது, யாருக்கோ அனுப்ப நினைத்து அனுப்பாதது. கழிவுத் தோலைக்கூட மூட்டை கட்டி வைக்கிற ஆள் நீங்கள்.

"இதர," என்றேன்.

"அம்மா! உங்க கல்யாணம்மா! அந்தச் சிடியும் போயிருச்சு, அது வேற எங்கயுமே இல்ல."

"கல்யாணம் எனக்கு ஞாபகம் இருக்கு. உங்கத்தா பல்லு வெளக்கிக்கிட்டே வாய்க்குள்ள பாட்டு முனங்குறது மறந்து போயிரும். அதப் போடச் சொல்லு."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். செல்வம் போட்டார். அது முழுசாக ஏறியது. அடுத்து நான் சொன்னது மகளின் சின்ன வயசு, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஏறியது. அப்போது தட்டுகிற சத்தம் வேகமாகி, ஒரு இழுவை இழுத்து, நின்றுவிட்டது. செல்வம் மூன்று முறை திரும்பத் திரும்ப முயன்றார். "அம்புட்டுத்தான்க்கா," என்றார். நம் கல்யாணம் போய்விட்டது மச்சான். நீங்கள் ரோஜாப்பூச் சரத்துக்குள் தும்மியது, மாமி என் தலையில் கை வைத்தது, எல்லாம் போய்விட்டது. அன்றைக்கு மகள் என்னோடு பேசவில்லை. மறுநாள் சோறு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தாள். நான் தட்டைக் காலி பண்ணினேன்.

அடுத்த வாரம் செல்வம் ஒரு நல்ல டிஸ்க் தேடிக் கொண்டுவந்து பெட்டியில் போட்டு, மீட்டதையெல்லாம் ஏற்றினார். இன்னொன்றும் சேர்த்தே எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், வேறு லாட் வரட்டும், இத்தா முடிந்து நானே வந்து எடுக்கிறேன் என்றேன்.

முடிந்தது. நம் ஊரில் பெண்கள் கபருஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. உங்களை எந்த மரத்தடியில் வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் வாயால் கேட்டதுதான், நான் பார்த்ததில்லை. வெளியே வந்த முதல் நாளான இன்று எங்கே போக வேண்டும் என்று மகள் கேட்டபோது, கம்ப்யூட்டர் கடைக்கு என்றேன். அங்கே உங்கள் கேள்விகள் ஒன்றுவிடாமல் கேட்டேன். நாள் முழுக்க ஓடுகிற ரகமா? எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, போட்டுக் காட்டுங்கள். கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா? ஆஃபர் எப்போது வரும்? கடைசிக் கேள்விக்கு மட்டும் செல்வம் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுவே ஆஃபர்தான்க்கா. பாய் மாதிரி தீவாளி வரைக்கும் இழுக்காதீங்க. ஒத்த டிஸ்க்க தனியா ஓட விடக் கூடாது." நம்பரைப் பார்த்தேன். உள்ளே இருப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனாலேயே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். நகல் ஏறி முடிய நாளை வரை ஆகுமாம். மகள் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். நான்தான் போகச் சொன்னேன்.

'இதர'வில் நூற்றுச் சொச்சம் துண்டுகள் இருக்கின்றன. தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்கிறேன். இன்று அசர் தொழுதுவிட்டுப் போட்டது ஒரு நிமிடம்கூட இல்லை. படம் முழுக்கத் தரைதான், போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருக்கிறீர்கள். அடுப்படியில் மிக்சி ஓடுகிறது. "ஏ புள்ள," என்கிறீர்கள். "பொட்டி ஓட ஆரம்பிச்சிருச்சு. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போ." மிக்சி நிற்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறீர்கள். மூன்றாவது தடவையும் கூப்பிடுகிறீர்கள். பிறகு உங்களுக்கு நீங்களே, "சரி, வேலையா இருக்கா," என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள்.

எனக்கு அது கேட்கவே இல்லை மச்சான். சத்தியமாகக் கேட்கவில்லை.

இப்போது கேட்டது. எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். ஒரு விளக்கு நின்று எரிந்தது, மற்றது சிமிட்டிக்கொண்டிருந்தது. அங்கே என்ன பண்ணுகிறாய் என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள். நான் உங்களுக்குத்தான் பதில் சொன்னேன்.

"வந்துட்டேன் மச்சான். பாத்துட்டேன். ரெண்டும் ஓடுது."