முருங்கன் வீதி டான்ஸ் ஹோல்

10.4.1988, ஞாயிறு

அண்ணை போன் எடுத்தார். அடுத்த ஞாயிறு யூஜினின் தாயார் லூர்தம்மா என்னைப் பெண் பார்க்க, பிளேஸ்டோவில் அண்ணை வீட்டுக்கு வருகிறாராம். பெண் பார்க்க! எனக்கு முப்பத்துமூன்று வயது. யூஜினும் நானும் ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் ஷிப்ட் செய்கிறோம். சரி, பெரியவர்களின் திருப்திக்கு ஒருநாள் சேலை கட்டினால் எனக்கு என்ன குறைந்துவிடும்.

ஆனால் அப்பாவை ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்று அண்ணை அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். தன்னோடு இருக்கும் அப்பாவையும் அப்படியே சொல்லச் சொல்லியாயிற்றாம். "சாராயம் வித்த தவறணைக்காரன்ர மகளை ஆர் எடுப்பினம், பெர்னடெற்?" என்றார். அந்தத் தவறணைதான் இவரைக் கொலிஜுக்கு அனுப்பியது.

12.4.1988

வேலையிலும் அதே ஊர் நினைவு. முருங்கன் வீதியில் முன்பக்கம் தவறணை, பின்பக்கம் நீளமான டான்ஸ் ஹோல். சனிக்கிழமை மத்தியானம் மெழுகுதிரியைச் சீவிச் சீமெந்துத் தரையில் தூவுவோம். பிறகு நான் சாக்கில் இருக்க, அண்ணை என்னை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவார். தரை வழுக்கினால்தான் பைலா ஆட்டத்துக்குக் கால் வரும். லொறிக்காரர், ரயில்வே ஆட்கள், ஒரு வயலின், இரண்டு றபான் மேளம், அம்மாவின் இறைச்சிப் பொரியல்.

தவக்காலம் வந்தால் போத்தல் அலுமாரிக்கு ஊதாத் துணி போட்டு மூடிவிடுவோம். அதே ஹோலில் ஊரே கூடியிருந்து யேசுவின் பாடுகளைப் பசாமாகப் பாடி அழும். அவ்வளவு பெரிய கூரை கோயிலுக்கும் இல்லை. சண்டையில் இப்போது கூரையும் போயிற்று, சுவரும் போயிற்று. கதையையுமா இல்லாமல் ஆக்க வேண்டும்?

17.4.1988, ஞாயிறு

வந்தார்கள். லூர்தம்மா நல்லபடியாகத்தான் கதைத்தார். சங்கக்கடையில் அந்த நாளில் கூப்பனுக்கு எவ்வளவு கோதுமை மா கொடுத்தீர்கள் என்று சும்மா ஒரு கேள்வி கேட்டார். அப்பா அண்ணையின் முகத்தைப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். "மா... அது வந்து..." என்றார். எழுபத்திரண்டு வயது மனுசன், பாடம் மறந்த பிள்ளை மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்ரி, அப்பா சங்கக்கடைக்குச் சாமான் வாங்கத்தான் போனவர். அவர் நடத்தினது தவறணையும் டான்ஸ் ஹோலும். நான் அதிலதான் வளந்தனான்" என்றேன்.

லூர்தம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "என்ர அப்பர் குடிச்சே செத்தவர், பிள்ளை. தவறணைக் குடும்பத்தில நான் எடுக்கமாட்டன்."

18.4.1988

அண்ணை என்னோடு கதைப்பதில்லையாம். நல்லது.

8.5.1988

தாயார் இல்லாமலே பதிவு செய்வோமா என்று யூஜின் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஒரே பிள்ளை. மனுசி தனியாக அழ, நான் மாலை போடுவதா?

என்ர வாய்! ஒரு நிமிசம் மூடிக்கொண்டு இருந்திருந்தா என்ன — இல்லை. இன்னொருக்கா அந்தக் கதிரையில இருந்தாலும் அதைத்தான் சொல்லுவன். ஆனா யூஜின் இல்லாமல் எனக்கு ஏலாது. ஏலாது.

28.5.1988, சனி

அப்பாவைக் காணவில்லை என்று அண்ணை பதறிப்போய்ப் போன் எடுத்தார். கதைக்காதவருக்கு அப்போது மட்டும் என் நம்பர் ஞாபகம் வந்தது.

அப்பா சவுத்தாலில் இருந்தார். ஆரையும் கேட்காமல் ரயில் மாறி மாறி லூர்தம்மா வீட்டுக்கே போயிருக்கிறார். நடந்ததைப் பின்னேரம் யூஜின் சொன்னார்.

தவறணை நடத்திய விதத்தை அப்பா விளக்கினாராம். சம்பள நாளில் பெண்சாதிமார் பின்கதவுக்கு வந்து புருசனின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அந்த ஆளுக்கு வார்ப்பதில்லை. சோடாவைக் குடித்துவிட்டு ஆடலாம். அதற்காக அப்பா இரண்டு தரம் மண்டை உடைபட்டவர். அது எனக்கும் தெரியும்.

லூர்தம்மா கேட்டாராம்: "வந்து சொல்லப் பயந்த பெண்சாதிமாற்ற புருசன்மாருக்கு?"

"வாத்தனான், தங்கச்சி. அது என்ர பிழைதான்."

பிறகு, "என்ர அம்மாவும் பயந்த ஆள்தான்" என்று சொல்லி, லூர்தம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாராம். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா இரண்டாம் தரமும் கறி வாங்கிச் சாப்பிட்டாராம்!

3.9.1988, சனி

களைப்பு. ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

லூர்தம்மா தானே குறித்துத் தந்த நாளில் கலியாணப் பூசை முடிந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கப் போனோம். பெண்ணின் தகப்பன் என்ன தொழில் என்று சுவாமியார் பேனையோடு நிமிர்ந்தார். அண்ணை முந்திக்கொண்டு "மனேச்சர்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னாலிருந்து லூர்தம்மாவின் குரல்.

"எதுக்கு மனேச்சர்? தவறணையும் டான்ஸ் ஹோலும் எண்டு சரியா எழுதச் சொல்லு, யூஜின்."

யூஜின் சொன்னார், சுவாமியார் எழுதினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.