தொண்ணூற்றொன்பதா, நூறா

1973 ஜூலை 4, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. மெஸ்ஸில் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றது கணக்கில் வருமா? வருமென்றால் மூன்று சொல். பள்ளிக்கூட ஆபீஸில் டி.சி. எழுதும் குமாஸ்தாவிடம் யாருக்கு என்ன பேச்சு இருக்கிறது? அம்மா போனபிறகு சாந்தோம் அறையில் ரேடியோதான் பேசுகிறது. அதுவும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

ஞாயிறு மட்டும் வேறு. யூனியன் கிரிக்கெட் கிளப்புக்குப் பதினோரு வருடமாக நான்தான் ரன் கணக்கு எழுதும் ஸ்கோரர். அம்பயர் ஒரு சைகை காட்டினால், நான் மேசையிலிருந்து கை தூக்கிப் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை அடுத்த பந்தைப் போட விடமாட்டார். பதினைந்து பேர் வெயிலில் நின்று என் கைக்காகக் காத்திருப்பார்கள். மற்ற ஆறு நாள் நான் கை தூக்கினால் பஸ்கூட நிற்பதில்லை.

ஜூலை 8, ஞாயிறு

நந்தனத்தில் ரேஞ்சர்ஸுடன் லீக் ஆட்டம். அவர்களுடைய ஸ்கோரர் சர்தார் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டார். அவர் நாற்காலியில் ஒரு பெண்மணி! ரேஞ்சர்ஸின் முதல் ஆட்டக்காரன் பொன்ராஜின் அக்கா. பெயர் தங்கபுஷ்பம். தியாகராய நகரில் கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கும். கணவர் இறந்து ஆறு வருடமாம். தம்பி வீட்டில் இருக்கிறார்.

மேசைக்கு இரண்டு ஸ்கோரர், இரண்டு புத்தகம். ஓவருக்கு ஓவர் மொத்தத்தைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். சர்தார் பாதி நேரம் தூங்குவார். இவர் ஒரு பந்தையும் விடவில்லை. பென்சிலை இரு பக்கமும் சீவி வைத்திருந்தார்.

"நாற்பத்தி மூணு, சார்?"

"நாற்பத்தி மூணு, டீச்சர்."

சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 9, திங்கள்

வேண்டாம் என்று ஏன் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, புதன்

விடுமுறை. பாண்டி பஜாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று முறை நடந்தேன். ஒன்றும் வாங்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. யாரைப் பார்க்க வந்தேன் என்று எழுதாமல் விடுகிறேன்.

செப்டம்பர் 5, புதன்

கேடயப் போட்டியில் ஞாயிறன்று மறுபடி ரேஞ்சர்ஸ். அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

ஆட்டம் முடிந்ததும் கணக்கு ஒத்துவந்துவிட்டால் அவரவர் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பந்திலிருந்து விரல் வைத்துத் தேட வேண்டும். அரைமணி நேரம் ஆகும்.

செப்டம்பர் 9, ஞாயிறு

செய்துவிட்டேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

ரேஞ்சர்ஸ் முதலில் ஆடினார்கள். பொன்ராஜ் பன்னிரண்டில் இருந்தபோது ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். பேட்டில் பட்ட ரன்தான். நான் என் புத்தகத்தில் லெக் பை என்று போட்டேன். அதாவது காலில் பட்டு ஓடியது: டீமுக்குச் சேரும், அவனுக்குச் சேராது. மொத்தம் மாறாது என்பதால் டீச்சருக்குத் தெரிய வழியில்லை. கடைசியில் ஆள்வாரியாகக் கூட்டும்போது ஒன்று உதைக்கும். தேடுவோம். கண்டுபிடித்ததும் "என் தப்புதான் டீச்சர்" என்று சிரித்துத் திருத்திவிடலாம். அவ்வளவுதான் திட்டம்.

அந்தப் பயல் அவுட்டே ஆகவில்லை. எழுபது. எண்பது. நடுவில் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு பேங்க் டீமுக்குத் தம்பிய பாத்துட்டிருக்காங்க சார். இந்த சீசன்ல ஒரு நூறு அடிச்சா வேலைன்னு சொல்லியிருக்காங்க." கர்த்தாவே, நூற்றைத் தாண்டட்டும், இல்லையென்றால் இப்போதே அவுட் ஆகட்டும் என்று வேண்டினேன். டீச்சர் எழுந்து "நூறு!" என்றார். கூடாரத்தில் கைதட்டல். அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது.

என் புத்தகத்தில் தொண்ணூற்றொன்பது. அவுட்டானவன் கணக்கைச் சரிபார்க்க டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார்.

அரைமணி நேரம் எங்கே கிடைத்தது? ஒரே நிமிடத்தில் மேசையைச் சுற்றிக் கூட்டம். எங்கள் கேப்டன் அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே, "இன்னா டீச்சர், தம்பிக்கு ஒரு ரன்னு மொய் எழுதிட்டீங்களா?" என்றான்.

அம்பயர் கல்யாணராமன் இரண்டு புத்தகத்தையும் பார்த்தார். "எப்பவோ போட்ட பந்து, எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா பதினோரு வருஷமா பாத்துண்டிருக்கேன், பிரகாசம் புக் தப்பினதே இல்ல. அவர் லெக் பைன்னு போட்டிருந்தா நான் காட்டியிருப்பேன். அவர் கை தூக்காம நான் ஆட்டத்த விட்டதும் இல்ல."

என்னைப் பற்றி யாரும் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

"புக்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அது பொய்கூட இல்லை. பொய்யைவிடக் கேவலம். டீச்சர் தன் புத்தகத்தில் நூற்றை அடித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். அதன்பிறகு மொத்தத்தை மட்டும் சொன்னார். "சார்" என்று சேர்க்கவில்லை.

செப்டம்பர் 10, திங்கள்

ஆபீஸில் ஒரு பையன் பெயரைத் தப்பாக எழுதி டி.சி.யைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 14, வெள்ளி

கச்சேரி ரோட்டில் அல்போன்ஸைப் பார்த்தேன். ரேஞ்சர்ஸ் அந்த அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். 'மொய் டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பேங்கில் வேறு ஒருவனை எடுத்தாயிற்று. சொல்லிவிட்டு எனக்கு ஒரு காபியும் வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். குடிச்சேனே! எப்படி இறங்கிச்சு தொண்டையில?

செப்டம்பர் 15, சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் என் பாவம் போகும். டீச்சர் பெயர் திரும்பி வருமா?

செப்டம்பர் 20, வியாழன்

லீக் செயலாளருக்குக் கடிதம் எழுதி, தபாலில் போடுமுன் தியாகராய நகர் போனேன். நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் வந்தார். கடிதத்தை நீட்டினேன். அங்கேயே நின்று, விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். என்ன செய்தேன் என்பதுதான் அதில் இருந்தது. ஏன் என்பது இல்லை.

"எதுக்கு சார்? எங்க தம்பி உங்கள என்ன பண்ணினான்?"

"அவன் ஒண்ணும் பண்ணல டீச்சர். கணக்கு ஒத்துவரலைன்னா... நீங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பீங்கன்னு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"கேட்டிருந்தா உக்காந்திருப்பேனே" என்றார். கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார்.

கேட்டிருந்தா. நாற்பத்தி நாலு வயசாச்சு, எனக்குத் தோணவேயில்லையே.

செப்டம்பர் 21, வெள்ளி

கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

கமிட்டி முடிவு வந்தது. பொன்ராஜுக்கு நூறு என்று திருத்தம். தங்கபுஷ்பம் அம்மாளுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம். எனக்கு இனி எந்த லீக் ஆட்டத்திலும் மேசை கிடையாது. எல்லாம் சரியான தீர்ப்பு. பேங்க் வேலை மட்டும் திரும்பி வரவில்லை. அதற்குக் கமிட்டி என்ன செய்யும்?

அல்போன்ஸ் வந்து புத்தகங்களை வாங்கிப் போனான். "இன்னா நைனா, யாரும் கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் சொல்லிக்கினு கீற?" பதினோரு வருடப் புத்தகம் ஒரே பையில் அடங்கிவிட்டது.

டிசம்பர் 25, செவ்வாய்

பூசை. மெஸ் விடுமுறை. ரொட்டி.

1974 மார்ச் 3, ஞாயிறு

ஞாயிறு இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பது மாதத்துக்குப் பிறகு, ரேஞ்சர்ஸ் ஆட்டம் பார்க்க நந்தனம் போனேன். மேசைக்கு நேர் எதிர்க்கோடியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தேன். டீச்சர் திரும்ப வந்திருக்கிறார். யூனியனுக்கு இன்னும் ஸ்கோரர் அமையவில்லை போலிருக்கிறது. இரண்டாவது நாற்காலி காலி. இரண்டு புத்தகத்தையும் அவரே எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணராமன் சைகை காட்டியபோதெல்லாம் என் கை தானாக எழுந்தது. தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் ஆடினார்கள். எல்லைக்கோட்டில் எனக்குப் பத்தடி தள்ளி நின்றவன் பொன்ராஜ். காலையிலிருந்து என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

பதினோரு மணி வாக்கில் ஒரு பந்து. ஒரு ரன் ஓடினார்கள், ரன் அவுட் என்று எல்லோரும் கத்தினார்கள். அவுட் இல்லை என்று தலையாட்டிய கல்யாணராமன் அந்தக் கூச்சலில் ரன்னுக்குச் சைகை காட்ட மறந்துவிட்டார். அடுத்ததாகத் தண்ணீர் இடைவேளை. பொன்ராஜ் மேசைப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். வந்தவன் நேரே என் முன்னால் நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அக்கா கேட்டுட்டு வரச் சொன்னா. ரன் அவுட்னு கத்தினோமே, அது பேட்ல பட்டதா, கால்லயா?"

அம்பயர் அங்கேதான் நிற்கிறார். அவரைக் கேட்டிருக்கலாம்.

"கால்ல தம்பி" என்றேன். "லெக் பை."

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, அம்பயர்போல் ஒரு காலைத் தூக்கி முழங்காலில் தட்டிக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

டீச்சர் மரத்தடியைப் பார்த்துக் கை தூக்கினார். கல்யாணராமன் அப்போது முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கை இறங்கவில்லை.

நானும் கை தூக்கினேன். அதன்பிறகுதான் எழுதினார்.