இரண்டு தட்டு

1986 மே 11, ஞாயிறு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

விண்வெளிப் படங்களில் வருகிற வீரர்களைப் போலக் கவசம் செய்து போட்டுக்கொள்கிற எங்கள் கூட்டத்துக்கு இன்று மாதுங்காவில் காட்சி. கவசம் பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிச் செய்தது. பெல்ட் எல்லாம் முதுகுப் பக்கம், போட்டவனே கழட்ட முடியாது. ஹெல்மெட்டுக்குள் பேசினால் வெளியே கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், மாட்டிவிட்டவன் உடனே வந்து கழட்ட வேண்டும். சலீமுக்கு மாட்டிவிட்டது நான்.

ஹாலில் ஃபேன் ஓடவில்லை. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கின நேரத்தில் சலீம் தட்டினான். பார்த்தேன். போட்டோ முடியட்டும் என்று நின்றேன். ஹெல்மெட் போட்டிருக்கிறேன், என் மூஞ்சிகூடத் தெரியாது. அதற்கு ஒரு போட்டோ. மறுபடியும் தட்டினான். சுற்றி நின்ற பிள்ளைகள் அதுவும் வேஷம் என்று நினைத்துத் தங்கள் நெஞ்சில் தட்டிக்கொண்டார்கள். நான் உள்ளே சிரித்தேன். சலீம் அப்படியே சாய்ந்தான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயமில்லை என்றார் டாக்டர். தாராவியிலிருந்து ஓடி வந்த அவன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதான் உடனே கழட்டிவிட்டியாம்லா. நீ இல்லன்னா எம் புள்ள என்ன ஆயிருப்பான்."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சலீம் கண்ணைத் திறக்கவில்லை. கட்டில் கம்பியில் விரலால் இரண்டு தட்டு தட்டினான்.